சப்பரக் கம்பை நான் விடவில்லை, அண்ணே

என் பாசமுள்ள சவரி அண்ணே,

அங்கே மோட்சத்திலாவது முட்டி வலி இல்லாமல் நடக்கிறீர்களா? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் பிலோமினா எழுதுகிறாள். "மாமா, கோபத்தைக் கொஞ்சம் கொறச்சி எழுதட்டா?" என்று கேட்டாள். ஒரு சொல்லும் குறைக்காதே என்றேன். முடித்ததும் இதைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போகிறேன். கடிதம் உங்களுக்குத்தான். மற்றவர்கள் நின்று படித்தால் படிக்கட்டும்.

நீங்கள் போன பிறகு, அந்தோணியார் சப்பரம் தூக்கும் நம் எட்டுப் பேருக்கு ஜெரமி பொறுப்பாளர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இன்ஜினியர். நல்ல பிள்ளை, அதையும் எழுதச் சொன்னேன். வந்ததும் ஒரு வாட்சாப் குழு தொடங்கினான். இனிமேல் எல்லாச் சேதியும் அதில்தான் வரும் என்றான்.

நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? திருநாளுக்கு முந்தின வாரம் மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவீர்கள். உட்கார்ந்து கோப்பி குடித்துவிட்டு, "இப்ப யாரோடடா பேச்சு இல்ல?" என்று கேட்பீர்கள். ஒரு பெயர் வந்தால் போதும், ஆளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குத்தான். பேசாத இரண்டு பேரை ஒரே கம்புக்கு அடியில் நீங்கள் நிறுத்தியதே இல்லை. பின்னால் வருகிறவனுக்குத் தரை தெரியாதே. முன்னால் போகிறவன் "பள்ளம்", "மேடு" என்று குரல் கொடுத்தால்தான் அவன் காலை நம்பி வைக்க முடியும்.

எனக்குப் போனில் வருவது என்ன தெரியும்? கட்டைவிரல் படத்தை அழுத்தினால் பார்த்தாயிற்று என்று அர்த்தமாம். எது வந்தாலும் அழுத்தினேன். போன சனிக்கிழமை ஒத்திகைக்குப் போனால் என் இடத்தில் ஒரு புது ஆள் நிற்கிறார். எனக்கு நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"என்ன தம்பி இது?"

"அங்கிள், நீங்கதானே ஓகே சொன்னீங்க? எழுபது தாண்டினவங்க ஒதுங்கிக்கச் சம்மதம்னா தம்ஸ்-அப் போடுங்கன்னு கேட்டேன். மொத ஆளா நீங்கதான் போட்டீங்க லா."

எல்லோரும் சிரித்தார்கள். "அங்கிள் ரொம்ப ஸ்பீடு!" என்று ஒரு குரல். வேறு யாருக்காவது நடந்திருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றேன்.

ஜெரமியின் முகம் வாடிவிட்டது. அவனுக்குத் தெரியாது, அண்ணே. பல மாதமாக ஒரே குழுவில் இருக்கிறோம். அவன் கேட்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு நானும் சொல்லவில்லை.

ஒத்திகையில் அந்தோணியார் சுரூபம் இல்லை, எடைக்கு மணல் மூட்டை வைத்திருந்தார்கள். முன்னால் ஸ்டீபன், அவனுக்குப் பின்னால் மைக்கல். ஸ்டீபன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையைப் போனிலேயே அனுப்பிவிட்டான் என்று மைக்கல் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. இது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு என் இடம் போன கோபம்.

கோயில் வாசலில் லோங்காங் சாக்கடை மூடி உடைந்து கிடந்தது. ஸ்டீபன் பார்த்தான், தாண்டினான், ஒரு சொல் இல்லை. மைக்கலின் கால் நேரே சாக்கடைக்குள் போனது. கம்பு சாய்ந்து மூட்டை ரோட்டில் விழுந்தது.

"வாயில என்னடா, கொழுக்கட்டையா?" என்று மைக்கல் கத்தினான்.

"நீ என்கூடப் பேச மாட்ட, நான் மட்டும் ஒனக்குப் பேசணுமா?"

ஜெரமி போனை எடுத்தான். "ஓகே, ஓகே, குரூப்ல ஒரு ரிமைண்டர் போட்டுடறேன்."

அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. "உள்ள வைடா அத! இன்னிக்கு விழுந்தது மணலு. திருநாள் அன்னிக்கு விழப்போறது அந்தோணியாரு!" என்றேன். நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பஸ் ஏறி ஆயர் ஈத்தாமில் மைக்கல் வீட்டுக்குப் போனேன். காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். ஸ்டீபன் வீட்டுக்கு வர மாட்டேன் என்றான். வரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றேன். இரண்டு கோப்பிக்குப் பிறகு வந்தான். இருவரும் நேரே ஸ்டீபன் வீட்டுக்குப் போனோம்.

"வீட்டுக்கு வந்து பத்திரிக வச்சா கால் தேஞ்சிருமா ஒனக்கு?" என்று மைக்கல்தான் ஆரம்பித்தான்.

ஸ்டீபன் எழுந்துபோய் அலமாரியில் மிஞ்சிக் கிடந்த ஒரு பத்திரிகையை எடுத்து வந்தான். இரண்டு கையாலும் நீட்டினான்.

"கல்யாணமே முடிஞ்சிருச்சேடா!"

"பரவால்ல, வாங்கிக்க லா."

வாங்கிக்கொண்டான், அண்ணே. அந்தக் கல்யாணத்தில் என்ன சாப்பாடு என்றுகூடக் கேட்டான்.

சேதி ஜெரமிக்குப் போயிருக்கிறது. நேற்று வேலை முடிந்து அப்படியே என் வீட்டுக்கு வந்தான். முதல் தடவை. "அங்கிள், தூக்கறவங்க லிஸ்ட் பாதர்கிட்ட குடுத்தாச்சு" என்று இழுத்தான். லிஸ்டை யாரிடம் வேண்டுமானாலும் கொடு, நான் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றேன். "என்னால முடியுமா முடியாதான்னு என் மூஞ்சியப் பாத்துக் கேளு. அப்ப சொல்றேன்."

கேட்டான். "உங்களால தூக்க முடியுமா, அங்கிள்?"

என் முகத்தைப் பார்த்துக் கேட்டவனிடம் எப்படிப் பொய் சொல்வேன்? தெரு முழுக்க முடியாது, முதல் முனைவரை முடியும் என்றேன். சம்மதித்தான். அங்கே சப்பரத்தை நிறுத்தி நான் விலக, புது ஆள் தோள் கொடுக்க வேண்டும்.

அந்தப் புது ஆளின் பெயர் என்ன என்று ஜெரமியிடம் கேட்டேன். ஊரையெல்லாம் திட்டிய நான், என் இடத்தில் நின்றவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லையே! பெயர் டேனியலாம். சுங்கை பாக்காப்பிலிருந்து வந்தவராம்.

நாளைக்கு அவர் வீட்டுக்குப் போகிறேன். எந்த இடத்தில் சப்பரம் எடை காட்டும், எங்கே மூச்சுப் பிடிக்க வேண்டும், எல்லாம் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை திருநாளில் முதல் முனையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என் கையாலேயே கம்பை அவர் தோளில் வைப்பேன். அதுவரை யார் சொன்னாலும் விட மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

முப்பது வருஷம் உங்கள் குரலை நம்பிக் கால் வைத்த தம்பி,
மரியதாஸ்