காயாத துண்டும் கருகிய இலையும்

மதினி,

இன்று காலை ஒரு பெண் தேவாரத்திலிருந்து பஸ்சில் ஒரு தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் செடிக்கடைக்கு வந்தார். பீஸ் லில்லி என்கிற வெள்ளைப் பூச் செடி. பழைய இலையெல்லாம் கரும்பச்சையாக நன்றாக இருந்தது. நடுவில் வந்த குருத்து மட்டும் சுருண்டு, ஓரம் காப்பித்தூள் நிறத்தில் கருகியிருந்தது. “நல்ல உரமாக் குடுங்கக்கா” என்றார். நான்கு வருடத்துக்கு முந்தைய அந்த ஐப்பசி மழை வாரம் அப்படியே கண்முன் வந்துவிட்டது. அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, வீட்டில் சன்னலைத் திறந்து வைப்பீர்களா என்றுதான் முதலில் கேட்டேன்.

புருஷன் வீடு இனி வேண்டாம் என்று போடிக்குத் திரும்பி வந்த எனக்கு அண்ணன் வீட்டு மாடி அறையைத் திறந்துவிட்டது நீங்கள்தான். வீட்டுக்குள் வைக்கும் செடிகளை அங்கேதான் வளர்க்கத் தொடங்கினேன். தேனியில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு தங்கும் விடுதி நாற்பது தொட்டி கேட்டது. எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. அதைச் சரியாகச் செய்துவிட்டால் இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்கலாம் என்று நினைத்திருந்தேன். இன்னும் நான்கு வாரம் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

இந்தச் செடிகளுக்கு ஈரக்காற்று பிடிக்கும் என்று எதிலோ பார்த்திருந்தேன். சன்னலையெல்லாம் சாத்தி, அதன்மேல் பாலிதீன் ஷீட் கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். சுவரெல்லாம் வியர்த்தது. நான்காம் நாள் முதல் குருத்து கருகியது. மறுநாள் ஏழு. உரக்கடைக்காரரிடம் இலையைக் கொண்டுபோய்க் காட்டினேன். “சுண்ணாம்புச் சத்துக் குறைச்சல்” என்று கால்சியம் நைட்ரேட் கொடுத்தார். அவர் சொன்னதும் பொய்யில்லை. ஊற்றினேன். இன்னும் கருகியது. இன்னும் ஊற்றினேன்.

நீங்கள் மாடிக்கு வந்து, ஒரு தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தீர்கள். பிறகு கொடியில் கிடந்த என் துண்டைத் தொட்டுப் பார்த்தீர்கள்.

“இது எப்பத் துவைச்சது தாயி?”

“முந்தா நாள்.”

“இன்னும் காயல பாரு. துண்டுல இருக்கிற ஈரமே போகலைன்னா இலையிலருந்து எப்படிப் போகும்? இலை வேர்க்கணும்த்தா, அப்பத்தான் வேர் குடிக்கும். மண்ணும் சில்லுனு கெடக்கு. சன்னலத் தெற.”

மலையில், குரங்கணியில் பிறந்தவர் நீங்கள். ஏலத்தோட்டத்து நாற்றுகளுக்கு நடுவே வளர்ந்தவர். அது தெரிந்தும், “அது மலைப் பழக்கம் மதினி, இங்க ஒத்து வராது” என்றேன்.

நான் அப்படிச் சொன்னதற்கு வேறு காரணம் இருந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் நீங்கள் அண்ணனிடம், “மக பிரசவத்துக்கு வர்றா, மாடி ரூம்பு வேணும்ங்க” என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அன்றிலிருந்து நீங்கள் படியேறும் சத்தம் கேட்டாலே அறையைக் கேட்கத்தான் வருகிறீர்கள் என்று தோன்றியது. என்னிடம் நேரடியாகக் கேட்காமல் ஏன் இருக்கிறீர்கள், எப்போது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். எதைப் பார்த்தாலும் அதே நினைப்பாக இருந்தது.

மறுநாள் காலை நான் பால் வாங்கிவிட்டு வரும்போது மாடியில் நான்கு சன்னலும் திறந்து கிடந்தன. பாலிதீன் ஷீட் மடித்து ஓரத்தில் இருந்தது. மலைப்பக்கமிருந்து சாரல் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. நீங்கள் சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றீர்கள். என் சத்தம் கேட்டு அண்ணனும் காப்பி டம்ளரோடு மேலே வந்துவிட்டார்.

“ரூம்பு வேணும்னா கேட்டு வாங்கிக்கங்க மதினி! எஞ் செடியக் கொன்னுட்டு வாங்காதீங்க!”

அண்ணன் முகம் மாறியது. “என்ன பேச்சு பேசுற பாப்பா?” என்றார். நீங்கள் கம்பியை விட்டீர்கள். என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போய்விட்டீர்கள். நான் ஒவ்வொரு சன்னலாகச் சாத்தினேன்.

அன்று மதியம் தொட்டிகளை எண்ணினேன். முப்பத்து நான்குதான் இருந்தன. இரண்டு முறை எண்ணினேன். கீழே உங்கள் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே மேசை விசிறி ஓடும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன், தட்டவில்லை. தட்டினால் இந்த வீட்டில் எனக்கு இருக்கும் மிச்ச இடமும் போய்விடும் என்று பயம். ஆறு செடியைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்கிறீர்கள்? தெருவில் போட்டுவிட்டீர்களா? வெளியில் கேட்கவும் முடியாமல் உள்ளுக்குள் வெந்துகொண்டே பத்து நாள் ஓட்டினேன். ஒரே அடுப்படியில் நீங்கள் சோறு வடித்தீர்கள், நான் தேங்காய் துருவினேன். ஒரு பேச்சு இல்லை. அண்ணன் சாப்பிட்டதும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

மேலே நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. குருத்து போக, இப்போது பழைய இலைகளின் நுனியும் எரியத் தொடங்கியது. ஊற்றிய உரமெல்லாம் வேர் எடுக்காமல் மண்மேல் வெள்ளையாகப் பூத்து நின்றது. நாள் நெருங்கிவிட்டது. கருகிய ஓரத்தைக் கத்தரியால் நறுக்கிவிட்டு அனுப்பிவிடலாம் என்று ஒரு செடியை நறுக்கிப் பார்த்தேன். அசிங்கமாக இருந்தது.

அப்போதுதான் படியடியிலிருந்து உங்கள் குரல் கேட்டது.

“கீழ வா.”

உங்கள் அறையில், சிமெண்டுத் தரையில் படாமல், பலகை போட்டு ஆறு தொட்டியையும் வரிசையாக வைத்திருந்தீர்கள். சன்னல் திறந்திருந்தது. விசிறி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ஆறிலும் புதுக்குருத்து விரிந்திருந்தது. ஓரத்தில் ஒரு புள்ளி கருகல் இல்லை. மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன்.

“என்ன உரம் வச்சீங்க மதினி?”

“பச்சத்தண்ணி. அதுவும் மண்ணு காஞ்சப்பறம். நீ வச்சது உள்ளதான் இருந்துச்சு. எடுத்துக்கிற வழிய நாம அடைச்சு வச்சிருந்தோம்.”

நான் மண்டியிட்டபடியே இருந்தேன். நீங்களும் என்னைத் தூக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சொன்னீர்கள்.

“ரூம்பு கேட்டேன்தான். இல்லைன்னு சொல்லல. எம் மகளுக்கு வேணும். உங்கிட்டக் கேக்க வாய் வராம உங்கண்ணன்கிட்டக் கேட்டேன். அதுக்காகச் செடியக் கொல்லுவேனா?”

“பிறகு ஏன் மதினி அன்னைக்கே சொல்லல?”

“சொன்னா நம்பியிருப்பியா? சந்தேகத்துக்கு நான் என்ன வைத்தியம் பாக்குறது? செடிக்குத்தான் பாக்க முடியும்.”

அந்த ஒரு வாரம் இரண்டு பேரும் மாடியிலேயே கிடந்தோம். வெயில் எட்டிப் பார்த்த மதியங்களில் தொட்டிகளில் நல்ல தண்ணீர் விட்டு உப்பை அலசினோம். பலகை அடுக்கினோம். விசிறிகளை எதிரெதிரே வைத்தோம். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, புதுசு வருவதைத்தான் பார்க்கணும் என்றீர்கள். கடைசியில் பத்தொன்பதுதான் தேறியது. மிச்சத்தையும் நறுக்கி அனுப்பலாம் என்று நான் இழுத்தபோது கத்தரியைப் பிடுங்கி வைத்துவிட்டீர்கள். தேனிக்கு நீங்களும் கூடவே வந்தீர்கள். விடுதிக்காரர் எண்ணிப் பார்த்துச் சத்தம் போட்டார். நீங்கள் நிதானமாக, “மத்தது இன்னும் தேறல சார். தேறுனா கொண்டாறோம், தேறலைன்னா வர மாட்டோம்” என்றீர்கள். அவர் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, சரி என்றார். தை மாதம் மிச்சத்தைக் கொடுத்து முடித்தோம்.

அதற்குள் நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கூரை போட்ட இடத்தை வாடகைக்குப் பிடித்துவிட்டேன். உங்கள் பேத்தி மாடி அறையில்தான் முதல் தாலாட்டைக் கேட்டாள். சித்திரை வெயிலில் என் புது இடத்துக்கு வந்த நீங்கள், நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டு, “இப்ப இலை ரொம்ப வேர்க்குது, உரத்தைப் பாதியாக் குறை, வேர் வெந்துரும்” என்றது வரை எல்லாம் நினைவிருக்கிறது. நன்றாகப் பேசினோம், சிரித்தோம். ஆனால் “மன்னிச்சிருங்க மதினி” என்று மட்டும் நான் சொல்லவே இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே இருந்துவிட்டேன்.

போன பங்குனியில் நீங்கள் குளியலறை வாசலில் விழுந்தீர்கள். தேனி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் உள்ளே விட்டபோது உங்கள் காதருகே குனிந்து அதைச் சொன்னேன். நர்ஸ் நேரமாயிற்று என்றார். அன்று இரவே நீங்கள் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். நான் சொன்னது கேட்டதா இல்லையா, எனக்குத் தெரியாது.

அண்ணன் இப்போது மதியம் என்னிடம்தான் சாப்பிடுகிறார். போன வாரம் ரசத்தைப் பிசைந்துகொண்டே, “அன்னைக்கு நீ பேசுனதுக்கு நான் உன்னை வீட்டை விட்டே போகச் சொல்லியிருப்பேன் பாப்பா. அவதான் எங் கையைப் பிடிச்சு நிறுத்துனா” என்றார். இத்தனை வருடம் இது எனக்குத் தெரியாது.

யார்மேலும் குற்றம் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், சன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு நீங்கள் என்னைத் தாண்டிப் போனது கண்ணில் தெரிகிறது. நாக்கு நுனிவரை வந்தது எத்தனையோ முறை. அன்றைக்குப் பிறகு ஒருவரிடமும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை, மதினி.