டாக்டருக்குப் பிடித்து வைத்த இடம்

மார்ச் 3

அன்புள்ள ஊசிக்கு,

முதலில் என் மானம் போன கதை. உடற்பயிற்சி வகுப்பில் குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னார்கள். விரல் எட்டவில்லை, பேண்ட்தான் பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. மிச்ச நேரம் முழுக்கச் சுவரோடு சுவராக நின்றேன். எல்லாம் உன்னால்.

"சர்க்கரைக்கு மாத்திரை மட்டும் போதாதுடா, சமுதாயக் கூடத்து வகுப்புக்குப் போ" என்று சீட்டு எழுதினாய். மாட்டேன் என்றேன். "நானும் வர்றேன், பக்கத்துல எனக்கு ஒரு இடம் பிடிச்சு வை" என்றாய். அதற்காகத்தான் போனேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு நாம். இப்போது உன்னைப் பார்க்க டோக்கன் வாங்குகிறேன். வாரம் மூன்று மணி நேரமாவது நீ கிடைப்பாய் என்று ஒரு நப்பாசை.

எட்டு வாரமாக உனக்குத் துண்டு விரித்து வாசலையே பார்க்கிறேன். அதில் உட்கார வந்த ஒரு அம்மாவை, "இங்க டாக்டர் வருவார்" என்று விரட்டினேன். "அவருக்குத்தான் நான் அந்தப் பக்கம் இடம் போட்டிருக்கேனே!" என்றார். விசாரித்தோம். கூடத்தில் ஆள் பதினான்கு. உனக்கு விரித்த துண்டும் பதினான்கு.

உண்மையைச் சொல்.

பீப்பாய்

*

மார்ச் 8

அன்புள்ள பீப்பாய்க்கு,

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. ஆமாம்டா, எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறேன். வெறும் சீட்டைக் கொடுத்தால் மடித்து டம்ளருக்கு அடியில் வைக்கிறார்கள். நானும் வருகிறேன் என்றால் கிளம்பிவிடுகிறார்கள். போன பிறகு ஒருவருக்கொருவர் துணை, அப்புறம் நான் எதற்கு? கோபிக்காதே.

உன் பெஞ்சுத் தோழன்
ஊசி

*

மார்ச் 12

டாக்டர் அவர்களுக்கு,

மற்ற பதின்மூன்று பேர் உன் நோயாளிகள். நான்? கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள், தெரியும். முப்பது வருஷ நட்பையுமா குழைப்பாய்? அந்த அம்மாவிடம் சொன்ன அதே வார்த்தைடா, ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை நீ.

எட்டு வாரம் ஒரு நாள் தவறாமல் காத்திருந்தவன் கேட்கிறேன்: என் மருத்துவக் கோப்பைக் கீழ்த்தெரு டாக்டரம்மாவுக்கு அனுப்பிவிடு. அவரோடு நான் எந்த பெஞ்சிலும் உட்கார்ந்ததில்லை. ஏமாற வழியில்லை.

டோக்கன் எண் முப்பத்தொன்று

*

மார்ச் 17

ஐயா,

கேட்டபடி தங்கள் கோப்பு டாக்டரம்மாவுக்குப் போய்விட்டது. வகுப்பிலிருந்து வாராவாரம் என் மேசைக்கு வரும் வருகைப் பட்டியலையும் உடன் வைப்பது எங்கள் வழக்கம்; வைத்திருக்கிறேன்.

எட்டு வாரத்தில் நடந்தது இருபத்து நான்கு வகுப்பு. தாங்கள் வந்தது ஒன்று.

மருத்துவர்