முதற்பிடி பற்றி விடுத்த மாற்றாணை

நலம் சிறக்க. ஆறு நிறைய, கழனி விளைய, அடைத்த கதவுகள் விரைவில் திறக்க. நெடுந்துறையில் வீற்றிருந்து வெண்கரை நாடு ஆளும், நாரைக் கொடி உடைய நன்முல்லை மாதேவியாகிய யாம், எமக்கு யாண்டு ஏழாவது, மாசித் திங்கள், நாடு வீடடங்கிய இருபத்திரண்டாம் நாள் நண்பகலில், குன்றவாயில் கோட்டைத் தலைவரும் வடகரைக் காவலரும் இட்ட ஆணையை இம்மியும் வழுவாதவருமான ஆதன் கீரனாருக்கு விடுக்கும் திருமுகம். உமக்கும் உம் காவலில் உள்ள குடிகளுக்கும் நலம் உண்டாகுக. எழுத்தர் தம் வீட்டில் அடைபட்டிருப்பதால் இதை எம் கையாலேயே கீறினோம். எழுத்து கோணியிருப்பின் பொறுத்துப் படிக்க.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நேற்றுக் காலை யாம் விடுத்த ஓலையை நிறைவேற்றாதீர். வீட்டு நாய், பூனை அனைத்தையும் நாளை பொழுது சாயுமுன் வடக்கு வாயிலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொன்று புதைக்க என்ற அவ்வாணை பிழையானது. ஓர் உயிர்மேலும் கை வைக்க வேண்டாம்.

படகோடு வந்த காய்ச்சல் பரவாதிருக்க நாற்பது நாள் எவரும் வாசல் தாண்டலாகாது என்று யாம் கட்டளையிட்டதும், குடிகள் முகம் சுளிக்காமல் அடங்கியதும் நீர் அறிவீர். பதினைந்தாம் நாள் தொடங்கி வீட்டு விலங்குகள் வயிறு வீங்கி, மூச்சு இரைத்து, எழ மாட்டாமல் மாளத் தொடங்கின. இருபதாம் நாள் எம் அந்தப்புரத்து நாய் பவளம், எம் மடியில் தலை வைத்தபடியே இறந்தது. காய்ச்சல் விலங்குகளுக்குள் புகுந்துவிட்டது, இனி அவற்றிடமிருந்து மக்களுக்குத் திரும்பும் என்று அரண்மனை வைத்தியர்கள் உரைத்தனர். அழுத கண்ணோடு எழுதும் ஆணை நல்ல ஆணை ஆகாது. அது தெரிந்திருந்தும் எழுதினோம்.

இன்று காலை எம் குதிரை மருத்துவர் வேட்டங்குடியார் முற்றத்துக்கு அப்பால் நின்று எம்மைக் காண வேண்டினார். பவளத்தின் நோய்க்குறி எதையும் அவர் வினவவில்லை. அந்தப்புரத்தில் நாள்தோறும் எத்தனை பேர் உண்கின்றனர் என்று மட்டும் வினவினார். எமக்குச் சினம் வந்தது. நாற்பத்திரண்டு பேர் என்றோம். அவர்களில் முதற்பிடி வைக்காமல் உண்பவர் எவரேனும் உண்டோ என்று அடுத்து வினவினார். சினம் போன இடம் தெரியவில்லை.

உண்ணுமுன் முதற்பிடி சோற்றை வீட்டு விலங்குக்கு வைக்காதவர் நம் நாட்டில் எவருமில்லை. முன்பெல்லாம் ஆடவர் படகிலும் கழனியிலும் உண்டனர். அவர்கள் பிடியைக் காக்கையும் மீனும் பகிர்ந்தன. ஒன்பது பேர் உள்ள வீட்டில் பகலில் இருவரே உண்டனர். நாயும் தெருவெல்லாம் ஓடித் தின்றதைச் செரித்தது. இப்போது ஒன்பதின்மரும் மூன்று வேளையும் வீட்டிலேயே உண்கின்றனர். கதவு அடைத்த வீட்டில் ஒரு நாய்க்கு நாளொன்றுக்கு இருபத்தேழு பிடி விழுகிறது. பொழுதுபோகாதவர் கொடுக்கும் வெல்லமும் அப்பமும் வேறு. பவளத்துக்கு எத்தனை பிடி என்று கணக்கிடத் தொடங்கி, முடிக்க மனமின்றி விட்டுவிட்டோம். கொடுத்தவர் மனம் நோகாதிருக்க அத்தனையையும் தின்று தீர்த்திருக்கிறது அந்தப் பேதை.

ஐயம் தீரச் சான்றும் கேட்டோம். காய்ச்சல் கண்ட பன்னிரண்டு வீடுகளை வேட்டங்குடியார் வாசலில் நின்றே பார்த்து வந்திருக்கிறார். அங்கே நோயாளிகள் கஞ்சிக்கும் வாய் திறப்பதில்லை. ஆகவே முதற்பிடியும் குறைவு. அவ்வீட்டு நாய்கள் வாலாட்டிக்கொண்டு நலமாகவே உள்ளனவாம். நோய் இல்லாத வீடுகளிலேயே விலங்குகள் சாகின்றன. எனவே அவற்றைக் கொன்றது காய்ச்சல் அன்று. அன்பு என்று சொல்லிக்கொண்டு நாம் அனைவரும் அள்ளி வைத்த சோறு.

ஆகவே இவ்வோலை கண்டதும் வீதிதோறும் பறையறைந்து அறிவிக்க. முதற்பிடி வழக்கத்தை யாம் விலக்கவில்லை. கதவு திறக்கும் வரை வீட்டுக்குக் காலை ஒரு பிடி, மாலை ஒரு பிடி; இன்று ஒருவர் வைத்தால் நாளை மற்றொருவர் வைக்க. இனிப்பு எதுவும் கூடாது. தண்ணீர்ச் சட்டியை நாள்தோறும் கழுவி நிரப்புக. நாயை முற்றத்தில் இரு பொழுதும் மூச்சு வாங்கும் அளவுக்கு நடத்துக. முற்றமில்லாதவர் கூடத்தைச் சுற்றட்டும். பூனைக்கு ஒரு கயிற்றை இழுத்துக் காட்டினால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். நாயுடன் நடப்பவர்க்கும் அந்நடை நல்லதென்று மருத்துவர் சொன்னார். எம்மைப் பார்த்தே சொன்னார்.

இனி உமக்கு மட்டும் ஒன்று. பஞ்சத்தில் நெற்குதிர்களைத் திறக்கச் சொன்னபோது உம் வீட்டுக் குதிரே முதலில் திறந்தது. நேற்றைய கொலை ஆணையையும் நீர் நாளை வரை வைத்திராமல் உம் வீட்டிலிருந்தே தொடங்கிவிடுவீரோ என்று அஞ்சுகிறோம். மனைவியை இழந்து தனித்து உண்பவர் நீர். உம் நாய் செவலைக்கு வேளைக்கு ஒரு பிடிக்குமேல் விழ வழியில்லை. நாட்டிலேயே நோயற்ற நாய் எம் சொல்லால் முதலில் செத்திருக்குமாயின், குழிமேல் கல் நட்டு, இது நன்முல்லையின் குற்றம், கீரனாருடையது அன்று என்று பொறிக்க. உயிரோடிருக்குமாயின், அதை உடன் அழைத்துக்கொண்டு நீரே வீதியில் நடந்து இவ்வாணையை அறிவிக்க.

இரு குதிரைகள், இரு வழிகளில், இதே சொற்களோடு வருகின்றன. நாரை முத்திரை இட்டோம். இது எம் ஆணை.

எம் இலையோரம் வைத்த முதற்பிடி, உண்ண ஆளின்றி அப்படியே இருக்கிறது, யாமும் உண்ணவில்லை. மறுமொழியில் வாழ்த்தும் பட்டமும் வேண்டாம். செவலை இருக்கிறதா, இல்லையா என்று ஒரு சொல் எழுதி, வந்த குதிரையிலேயே அனுப்புக.