எஃபிக்கு ஒரு முழுப்பெயர்

14 மார்ச் 1987

அன்புள்ள ஷோனா,

நாம் சந்தித்ததில்லை. உங்கள் மகள் எங்கள் வீட்டில்தான் வளர்கிறாள். நலமாக இருக்கிறாள், கீழே இரண்டு பற்கள் முளைத்துவிட்டன.

ஆஸ்பத்திரியில் நீங்கள் அவளை எஃபி என்று கூப்பிட்டதாகத் தத்து அலுவலகத்தில் சொன்னார்கள். என் கணவர் டூகல், "என்னது, போன நூற்றாண்டுப் பேரா இருக்கு!" என்று சிரித்தார். ஆனால் அந்தப் பெயருக்குத்தான் அவள் திரும்பிப் பார்க்கிறாள். மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

நீதிமன்றத்தில் முழுப்பெயர் கேட்கிறார்கள். யூஃபீமியா, ஜோசஃபின், ஸ்டெஃபானி, எதைச் சுருக்கினாலும் எஃபி வரும். நீங்கள் எதை நினைத்து வைத்தீர்கள்?

அன்புடன்,
மொராக்

பீட்டர்ஹெட், ஸ்காட்லாந்து
2 ஏப்ரல் 1987

அன்புள்ள மொராக் அவர்களுக்கு,

நான் வேலை பார்க்கும் மீன் கொட்டகையில் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். தாளில் நாற்றம் ஒட்டியிருந்தால் மன்னியுங்கள்.

நான் எதையும் நினைத்து வைக்கவில்லை. குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். நர்ஸ் பெயர் கேட்டார். எஃபி என்றேன்.

"கிழவி பேரால்ல இருக்கு!"

"கிழவியாகுற வரைக்கும் இருக்கட்டும்னுதான் சிஸ்டர்."

அவர் அட்டையில் எஃபி என்று எழுதிப் பெட்டியில் ஒட்டினார்.

யூஃபீமியா வேண்டாம், பள்ளிக்கூடத்தில் ஓட்டியே கொன்றுவிடுவார்கள். ஜோசஃபின் வையுங்கள். நல்ல கோட்டு போட்டுக்கொண்டு ரயிலில் முதல் வகுப்பில் போகிற பெண்ணின் பெயர் மாதிரி இருக்கிறது. வீட்டில் மட்டும் எஃபி என்று கூப்பிடுங்கள். வேறெதுவும் கேட்கமாட்டேன்.

அவளைப் பற்றிப் பேச உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை. எப்போதாவது எழுதுங்கள்.

ஷோனா

6 செப்டம்பர் 1991

அன்புள்ள ஷோனா,

ஜோசஃபின் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது. முதல் நாள் வந்ததுமே, "இனிமே என்னை எஃபின்னு கூப்பிடக் கூடாது. அது பாப்பா பேரு" என்றாள். டூகல் மறந்துபோய்க் கூப்பிட்டார். "எஃபின்னு இங்க யாருமே இல்லப்பா!" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீங்கள் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதையும் என்னால் காப்பாற்ற முடியவில்லை. உங்களிடம் மறைப்பது சரியில்லை என்று எழுதுகிறேன்.

மொராக்

பீட்டர்ஹெட்
20 செப்டம்பர் 1991

அன்புள்ள மொராக் அக்கா,

உங்கள் மேல் தப்பில்லை. அவள் சொல்வது போலவே கூப்பிடுங்கள்.

எனக்குத்தான் அந்தப் பெயர் வாயில் ஊறிப்போய்விட்டது. சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் எஃபி, எஃபி என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். கேட்க யாரும் இல்லையென்பதால் கூச்சமும் இல்லை.

நேற்று கொட்டகையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "உனக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்று கேட்டாள். எப்போதும் இல்லை என்றுதான் சொல்வேன்.

"ஒரே பொண்ணு. ஜோசஃபின்" என்றேன்.

சொல்லிப் பழக வேண்டுமல்லவா.

ஷோனா