நிலைவாசலில் வைத்த பேட்டரி

இருக்கன்குடி மாரியம்மன் துணை
ஏழாயிரம்பண்ணை, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் பிரபாகரனுக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நீங்கள் மூன்று பேரும் சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரீத்திகா தான் வரைந்த மயிலை வீடியோவில் காட்டினாளே, மயிலுக்குப் பின்னால் நான் பார்த்தது உன் ஸ்கூட்டர் பேட்டரியை. நிலைவாசலை ஒட்டிச் சார்ஜில் கிடக்கிறது, பக்கத்தில் செருப்புக் குவியல், மேலே துண்டு வேறு. கேட்டதற்கு அங்கேதான் பிளக் இருக்கிறது என்றாய். வெடிக்கிறதுக்கு அது என்ன பட்டாசு மருந்தாம்மா என்று சிரித்தாய். நான் மேலே பேசுவதற்குள் போனை வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசி வரை படி.

மறுநாள் உன் பெண்டாட்டியிடம் கேட்டேன், பானுப்பிரியா மேல் பாயாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். பேட்டரி மாடிப்படியில் விழுந்து ஒரு பக்கம் உப்பியிருக்கிறதாம், நீ டேப் சுற்றி வைத்திருக்கிறாயாம், யாரோ கொடுத்த சார்ஜரைப் போடுகிறாயாம், படுக்கும்போது போட்டால் விடிந்துதான் எடுக்கிறாயாம். சாத்தூருக்குப் போய், உன்னோடு படித்த முனியராஜ் இந்த வண்டிகளைத்தானே பார்க்கிறான் என்று அவன் ஒர்க்‌ஷாப்பில் விசாரித்தேன். உப்பியிருக்கிறது என்றதுமே ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். "இனி அதைச் சார்ஜிலயே போடக்கூடாது அத்தை. பத்துச்சுன்னா அணைச்சாலும் திரும்பத் திரும்பப் பத்தும், புகையே ஆளைச் சாய்ச்சிரும். அதைத் தூக்கப் போக வேண்டாம், பிள்ளையத் தூக்கிட்டு வெளிய ஓடச் சொல்லுங்க" என்றான். எந்த வழியாக ஓடுவாய்? மூன்றாவது மாடி, ஒரே வாசல், அதிலேதான் அதை வைத்திருக்கிறாய்.

அப்பாவிடம் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நெலவாசல்லயா வச்சிருக்கான்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டார். பட்டாசு கம்பெனியில் வாசலில் ஒரு கூடை இருந்தாலும் அவர் ஆட்களிடம் சண்டை போடுவது உனக்குத் தெரியாததா? அங்கே வெடி விபத்து நடந்த அன்றைக்கு லோடு ஏற்ற வேண்டுமென்று மருந்து அறையின் ஒரு வாசலில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தார்கள். அப்பா எதிர்வாசல் வழியாக வந்துவிட்டார், பெட்டிப் பக்கம் ஓடிய ரத்தினசாமி சித்தப்பா வரவில்லை. பதினாறு வயதில் நீயும் சுடுகாட்டுக்குப் போனாய். போனவன் சிரிக்கிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பேட்டரியை இனி வீட்டில் வைக்காதே, குப்பையிலும் போடாதே, வாங்கிய கடைக்கே போன் பண்ணி உப்பிவிட்டது என்று சொல்லி ஒப்படைத்துவிடு. புதிது வந்தால் அதற்கென்று கொடுத்த சார்ஜரை மட்டும் போடு. ஓட்டி வந்த சூடு ஆறட்டும், மேலே துணி வேண்டாம், விழித்திருக்கும்போது மட்டும் போடு. கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் பிளக் வைத்துத் தரும்படி வீட்டுக்காரரிடம் கேள். உனக்கு வெட்கமாக இருந்தால் நம்பரை அனுப்பு, நான் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மன் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும், நீயும் கொஞ்சம் காத்துக்கொள். பேத்திக்கு என் முத்தம், மயில் நன்றாக இருந்தது என்று சொல். நலம் என்று பதில் போட வேண்டாம். உன் வாசலைப் போட்டோ எடுத்து அனுப்பு, செருப்புகூட அதில் இருக்கக்கூடாது. பட்டாசு கம்பெனிக்குள் அப்பா போன் கொண்டுபோக முடியாது, சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் போட்டோ வந்துவிட்டதா என்றுதான் கேட்பார்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா
அய்யம்மாள்