பலகை விழுந்தது அம்மாவின் தப்பில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நம் நாய் 'மூட்டை' இரண்டு வேளையும் தின்றுவிட்டு வாசலை அடைத்துக்கொண்டு தூங்குகிறது, 'இன்ஸ்பெக்டர்' பூனைக்குக் கால் தேறிவருகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தக்கபடி உடுத்தி, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிற அப்பா எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ 'விடுங்கப்பா, பரவால்ல' என்று சொல்லிவிடுவாய், அதுதான் சாக்கு என்று நானும் விட்டுவிடுவேன். தாளில் நீ குறுக்கே பேச முடியாது.

கூடத்துச் சுவரில் பூனைக்காக அம்மா அடித்த பலகைகள் விழுந்து இன்ஸ்பெக்டரின் பின்னங்கால் உடைந்ததே, அன்று உனக்குப் போன் செய்து, 'தெரியாத வேலைல கைய வச்சா இப்படித்தான்டி ஆகும், எல்லாம் என் தப்பு' என்று அம்மா அழுதாளே, அது உண்மையில்லை. அவள் பொய் சொல்லவில்லை, அவளுக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான். தெரிந்தவன் நான். நீ 'அப்பா எங்கம்மா' என்று கேட்டதும், 'இங்கதான் இருக்காரு, அவருக்கும் மனசு சரியில்ல' என்று அவள் எனக்காகப் பேசியதும் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது, நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

எங்கே தொடங்கியது என்று யோசித்தால் அம்மாவின் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய டிரில் மெஷினில்தான் வந்து நிற்கிறது. உன்னைக் குறை சொல்லவில்லை. பார்சலில் அம்மா பெயரைப் பார்த்ததும், 'பொண்ணு பேர மாத்தி எழுதிட்டா பாரு' என்று சிரித்துக்கொண்டே நான்தான் பிரித்தேன். 'இல்லங்க, நான்தான் கேட்டேன்' என்றாள் அம்மா. அந்த இடத்திலேயே என் முகம் சுண்டிப்போனது. முப்பத்தோரு வருஷம் கதவு ஜன்னல் பட்டறையில் வேலை செய்தவன் நான், இந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், பெற்ற பெண் எனக்கு ஸ்வெட்டரும் அவளுக்கு டிரில் மெஷினும் அனுப்புகிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா முதலில் செருப்பு வைக்க ஒரு தட்டு செய்தாள், கோணலாக வந்தது, நான் பெருந்தன்மையாக 'முதல் தடவைக்கு நல்லாத்தான் இருக்கு' என்றேன். அப்புறம் இடுப்பு வலியில் கட்டிலில் ஏற முடியாமல் கஷ்டப்பட்ட மூட்டைக்கு ஒரு சாய்வுப் பலகை செய்தாள், கால் வழுக்காமல் இருக்கப் பழைய கால்மிதியை வெட்டி ஒட்டினாள். அது நன்றாக இருந்தது. அதை நான் சொல்லவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் என் மூலைமட்டத்தை எடுத்து வந்து நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்த்தேன், எங்கேயாவது ஒரு நூல் அளவாவது விலகியிருக்காதா என்று. எல்லாம் சரியாக இருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தேழு வருஷம் சொட்டுச் சொட்டாக அளந்த கை, அளவில் எப்படிப் பிசகும்? எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், சிரிக்காதே. பதினோரு வருஷம் என் வேலை மேசைக்குக் கீழே மரச்சீவலில் புரண்டு தூங்கிய நாய், அந்த மாதம் இடத்தை மாற்றி அம்மா ரம்பம் பிடிக்கிற பின்வராந்தாவில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் கூப்பிட்டால் வாலை ஒருமுறை தரையில் தட்டும், எழுந்து வராது. பூனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மழையில் நனைந்து கிடந்ததைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தவன் நான், அது உட்காருவது அவள் மடியில். ரொட்டிக்கடைக்குப் போனால் கடைக்காரர், 'அக்கா ஏதோ பெரிய வேலையெல்லாம் பண்றாங்களாமே' என்று என்னிடமே கேட்கிறார். மாடி வீட்டு டீச்சர் ஒரு நாள் இறங்கி வந்து சாய்வுப் பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்கும் ஒரு புத்தக அலமாரி செய்து தர முடியுமா என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு என்ன அளவு என்று கேட்க வாயெடுத்தேன். அவர் அம்மாவைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். போகிற போக்கில் என்னிடம் திரும்பி, 'சார் சும்மாதானே இருக்கீங்க, அக்காவுக்கு மரம் அறுத்துக் குடுக்கலாமே' என்றார் பார், வயிறு பற்றி எரிந்தது.

அதற்கு மறுநாள்தான் அம்மா கூடத்துச் சுவரில் பூனைக்குப் படிப்படியாக ஐந்து பலகைகள் அடிக்கத் தொடங்கினாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு ஜன்னல் இருந்ததே, சின்ன வயதில் அதன் வழியாகக் கையை நீட்டித் தட்டை வாங்குவாயே, நீ வெளியூரில் படிக்கப் போன வருஷம் அதை நான்தான் அடைத்தேன். செங்கல் வைத்து அடைப்பதாக அம்மாவிடம் சொன்னேன். அவள் வேலைக்குப் போயிருந்த பகலில், சோம்பல்பட்டு, சட்டம் அடித்து மெல்லிய பலகையை வைத்து, மேலே பூச்சுப் பூசிப் பெயின்ட் அடித்து முடித்துவிட்டேன். வெளியே பார்த்தால் சுவர், உள்ளே வெறும் கூடு. அம்மா மூன்று பலகைகளை நல்ல சுவரில் மாட்டிவிட்டு நான்காவதுக்கு அங்கே வந்தாள். டிரில் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. அவள் உடனே நிறுத்தினாள். கவனித்துக்கொள், உடனே நிறுத்தினாள். என் பக்கம் திரும்பி, 'ஏங்க, இங்க மட்டும் ரொம்ப லேசா போகுதே, ஏதாவது இருக்குமா?' என்று கேட்டாள். நான் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், 'புது டிரில்லு, அப்படித்தான் போகும்' என்றேன். கேட்காமல் விட்டிருந்தால்கூட நான் சும்மா இருந்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். கேட்டாள் மகளே. நான் பதில் சொன்னேன். ஒரு பலகை தொங்கிப்போகட்டும், டீச்சர் வந்து பார்க்கும்போது ஆடிக்கொண்டு நிற்கட்டும், அப்போது நான் எழுந்து போய்ச் சரிசெய்வேன் என்று கணக்குப் போட்டேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

நான்காவதையும் ஐந்தாவதையும் அவள் அங்கேயே மாட்டினாள், நான்கு நாள் தாங்கின. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா அதற்கு நேர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து உப்புத்தாளால் டீச்சரின் அலமாரிச் சட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், காலடியில் மூட்டை. தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறைக்குப் போனாள், நாயும் பின்னாலேயே போனது. இன்ஸ்பெக்டர் மேல் பலகைக்குத் தாவியது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. பலகைகள் இரண்டு, அவற்றைத் தாங்கிய இரும்பு ஆங்கிள், பூச்சு எல்லாம் சேர்ந்து பெயர்ந்து நாற்காலி மேல் விழுந்து அதன் கை முறிந்து தொங்கியது. பூனை அடியில் கிடந்து, குழந்தை மாதிரிக் கத்தியது. அம்மா ஓடிவந்து முதலில் பூனையைத் தூக்கினாள். நான் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீச்சர்தான் தன் காரில் எங்களைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எலும்புக்குத் தகடு வைத்தார்கள், ஆறு வாரம் கூண்டுக்குள்ளேயே வைத்திருக்கச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது. அம்மா டிரில் மெஷினைப் பழைய போர்வையில் சுற்றிப் பரண்மேல் போட்டாள். கூடத்து ஓட்டைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், அதை மறைக்க முன்னால் துணி அலமாரியை நகர்த்தி வைத்தாள். டீச்சரிடம் போய், 'என்ன மன்னிச்சிடுங்க, சார்கிட்ட சொல்லிச் செஞ்சு தரச் சொல்றேன்' என்றாள். நானே அந்த அலமாரியைச் செய்து கொடுத்தேன், டீச்சர் வாய் நிறையப் பாராட்டினார், ரொட்டிக்கடைக்காரர்கூட அதைப் பற்றி விசாரித்தாராம். ஒன்றும் ருசிக்கவில்லை. ஒரு நாள் காலையில் அம்மா நாட்காட்டியை மாட்ட ஒரு சின்ன ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் முன்னால் நெடுநேரம் நின்றாள். பிறகு என்னிடம் கொண்டுவந்து நீட்டி, 'நீங்களே அடிச்சிடுங்க, நான் அடிச்சா விழுந்திடும்' என்றாள். ரத்தக் குழாயில் ஊசி ஏற்றி, பயந்து அலறுகிற பிள்ளைகளைப் பேச்சுக் கொடுத்தே சமாளித்தவள் உன் அம்மா. அவள் ஓர் ஆணிக்குப் பயந்து நிற்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு இன்னொரு நாள் இந்த வீட்டில் இருக்க என்னால் முடியவில்லை, அங்கேயே சொல்லிவிட்டேன். ஜன்னலை அடைத்த கதையிலிருந்து மூலைமட்டம் வரை, ஒன்று விடாமல்.

அவள் கத்தவில்லை. துணி அலமாரியைத் தானே தள்ளி நகர்த்தினாள், நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று முழங்கையால் தடுத்தாள். ஓட்டைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். 'நான் கேட்டப்ப உங்களுக்குத் தெரியும்' என்றாள். தெரியும் என்றேன். 'நான் அந்த நாற்காலிலதான் உக்காருவேன்னும் தெரியும்' என்றாள். அதன்பின் ஒன்பது நாள் என்னோடு பேச்சில்லை. தனக்கும் நாய்க்கும் பூனைக்கும் சமைத்தாள், நான் எனக்கு முட்டையும் ரொட்டியும் செய்துகொண்டேன். ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், 'மூட்டை, கேஸ் தீந்துபோச்சுன்னு சொல்லு' என்பாள். மூட்டையும் என்னைத் திரும்பிப் பார்க்கும். நான் கேஸுக்குச் சொல்லிவிட்டு, 'மூட்டை, நாளைக்கு வருதாம்' என்பேன். இந்த வயதில் எங்களுக்கு நடுவில் அந்த நாய்தான் தபால்காரன்.

பத்தாம் நாள் பரணில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அம்மா போர்வையைப் பிரிக்கிறாள். சுத்தியலை எடுத்து வந்து, நான் பூசிய பூச்சையெல்லாம் தட்டி உதிர்த்தாள், பலகையைப் பிடுங்கினாள், பழைய ஜன்னல் திறந்துகொண்டது. அதில் அகலமாக ஒரு பலகை வைத்துப் பூனைக்கு உட்காரும் இடம் செய்யப்போகிறாளாம், கூண்டிலிருந்து விட்ட பிறகு உயரம் ஏறாமல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்று. பலகையின் ஒரு முனையை என் பக்கம் நீட்டி, 'பிடிங்க' என்றாள். ஒன்பது நாள் கழித்து என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. பிடித்தேன். 'தூக்கிப் பிடிங்க, உங்க பக்கம் இறங்குது' என்றாள். என் பக்கம்தான் இறங்கியிருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். இப்போதும் ஏதாவது கேட்டு நான் பதில் சொன்னால், தானும் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறாள். அது எனக்கு வேண்டியதுதான். பொறாமை போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. நேற்று கால்நடை டாக்டர் வந்து ஜன்னல் பலகையைப் பார்த்துவிட்டு, தன் ஆஸ்பத்திரிப் பூனைக் கூண்டுகளுக்குப் படி செய்து தர அம்மாவைக் கேட்டார், எனக்குப் பழையபடி சுருக்கென்றது. இப்போது அதை அடக்கி வைப்பதில்லை, 'எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு' என்று அவளிடமே சொல்லிவிட்டேன். 'மோர் குடிங்க' என்றாள்.

உனக்கு வேலையில் பெரிய பொறுப்பு கொடுத்த பிறகு மாப்பிள்ளை முன்போலக் கலகலப்பாக இல்லை, வேலைக் களைப்பாக இருக்கும் என்று சொன்னாயே. களைப்பாகவே இருக்கட்டும், அவர் என்னைவிடப் பல மடங்கு நல்லவர். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து, மனசில் என்ன என்று கேள் மகளே. கேட்டால் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை, திரும்பவும் கேள். என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நானும் கோபித்துக்கொண்டுதான் இருப்பேன், ஆனால் அந்த நாற்காலி முழுசாக இருந்திருக்கும்.

இதை அம்மாவிடம் காட்டாமல் அனுப்பக் கூடாது என்று படிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, நின்றபடியே, பரிசோதனை முடிவைப் பார்ப்பதுபோல வரிவரியாகப் பார்த்தாள். ஒன்பது நாள் இல்லையாம், பதினோரு நாளாம். அப்புறம், 'ஆஸ்பத்திரி பெஞ்சில உக்காந்து அப்படி அழுதீங்களே, அத ஏன் எழுதல?' என்று கேட்டாள். அது பூனைக்காக அழுதது இல்லை, அவள் தண்ணீர் குடிக்க எழுந்திருக்காவிட்டால் என்று நினைத்து அழுதது, அதைச் சொல்லிப் பெண்ணிடம் நல்ல பெயர் வாங்க வேண்டாம் என்றேன். 'எதுக்கு அழுதீங்கன்னு எனக்கு அப்ப தெரியல, இப்பதான் தெரியுது, அதனாலதான் சொல்றேன், எழுதுங்க' என்றாள். எழுதிவிட்டேன்.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல், ஒருவர் உயர்ந்தால் மற்றவர் மனம் குளிர, நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் அம்மாவிடம் பேசு, டாக்டர் கேட்ட வேலையைப் பற்றி விசாரி, சொல்ல ஆசையாகக் காத்திருக்கிறாள். அடுத்த பிறந்தநாள் எனக்கு, ஸ்வெட்டர் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்
அப்பா