வியாழக்கிழமை அறை

மட்டாஞ்சேரி, 9 ஜூன் 1968, ஞாயிறு

மழை விடவில்லை. இவர் காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை. அடுத்தாத்து அம்மிணி கேட்டதற்கு வழக்கம்போல வயிற்றுவலி என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, தன் தம்பிக்கும் இதே வயிற்றுவலிதான் இருந்தது என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன் இத்தனை வருஷமும். தெரு முழுக்கத் தெரியும் போலிருக்கிறது.

ஃபோர்ட் கொச்சியில் மாதா கோவிலுக்குப் பின்னால் ஓர் அறையாம். வியாழக்கிழமை சாயங்காலம் குடிகாரர்கள் கூடுகிறார்களாம். குடிக்க அல்ல, குடிக்காமலிருக்க. தம்பி இரண்டு வருஷமாய்ப் போகிறானாம்.

13 ஜூன், வியாழன்

கோவிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். பொய்யும் இல்லை, எந்தக் கோவில் என்று இவர் கேட்கவில்லை.

பைபிளும் பாட்டும் இருக்கும் என்று பயந்தேன். வாசலில் நின்று பார்த்தேன், பெஞ்சும் பால் விடாத கட்டன் சாயாவும்தான் இருந்தன. ஒரு பெரியவர் பேசிக்கொண்டே அழுதார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் தேற்றவும் இல்லை. ஔசேப்பு என்பவர் வெளியே வந்து, யாருக்காக என்று கேட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கப்பலில் வந்த யாரோ ஒரு வெள்ளைக்காரர் இப்படிக் கூடிப் பேசச் சொல்லிக்கொடுத்தாராம்.

ஆத்துக்காரருக்காக என்றேன். ஒரு அன்னிய மனுஷரிடம் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். இழுத்துவந்தால் பிரயோஜனமில்லை, அவராக வரணும் என்றார்.

14 ஜூன்

சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நான் என்ன தெருவுலயா கெடக்கறேன்? இந்த வைத்தீஸ்வரன் போய் ஞானஸ்நானம் பண்ணிக்கணுமாக்கும்?"

"தெருவுல இல்லை. ஆத்துக்குள்ள கெடக்கறேள்" என்றேன். என் வாய் எப்போது சும்மா இருந்திருக்கிறது.

2 ஜூலை, செவ்வாய்

ரத்தமாய் வாந்தி. டாக்டர் லக்ஷ்மிநாராயணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனியும் குடித்தால் அடுத்த வருஷம் ஆள் இருக்கமாட்டார் என்றார். கதவு திறந்துதான் இருந்தது. இவர் காதிலும் விழுந்தது.

11 ஜூலை, வியாழன்

தாமாகவே சட்டை மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சாயால சர்க்கரை ஜாஸ்தி."

பகவானே, அது போதும்.

19 ஜூலை

நேற்றும் போனார். ஆனால் கை நடுங்குகிறது, சாதம் இறங்கவில்லை. கர்க்கடகம் பிறந்தாயிற்று. ஊரே உடம்பைத் தேற்றிக்கொள்ளும் மாதம். வைத்தியசாலையில் தசமூலாரிஷ்டம் வாங்கிவந்தேன். சாப்பாட்டுக்கு அப்புறம் நானே ஊற்றிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

24 ஜூலை

முகத்தில் தெளிச்சம். நான் சொல்லாமலேயே அரிஷ்டம் குடிக்கிறார். இன்னொரு பாட்டில் அவரே வாங்கிவந்தார். மருந்து என்றால் ஓடுகிறவர்! பிடித்துவிட்டது போல.

1 ஆகஸ்ட், வியாழன்

அறைக்குப் போகவில்லை. சாராயக் கடை வாசலிலிருந்து ஔசேப்பும் அம்மிணியின் தம்பியும் தாங்கிக்கொண்டு வந்தார்கள். நான் என்ன தப்பு பண்ணினேன், நன்றாகத்தானே இருந்தார் என்று கத்தினேன். ஔசேப்பு அலமாரியைப் பார்த்தார். காலி பாட்டில்கள்.

"அம்மாளே, அரிஷ்டத்திலும் சாராயம் உண்டு."

வெங்காயம்கூட நுழையாத வீடு இது. சுவாமிக்கு விளக்கேற்றிவிட்டு, அதே கையால் நானே — ஏன் யாரும் சொல்லலை? நேக்கு எப்படித் தெரியும்? பிரசவமானவாளுக்குக் குடுக்கறதுன்னா அது. என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

2 ஆகஸ்ட்

தெளிந்து உட்கார்ந்திருந்தார். மன்னிக்கணும் என்று நான் ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ ஊத்தினது மருந்துதான், லோகா. முதல் வாய்லயே நேக்குத் தெரிஞ்சுடுத்து. சொல்லாம இருந்தது நான்."

இரண்டு பேரும் அழுதோம்.

8 ஆகஸ்ட், வியாழன்

போனார்.

5 செப்டம்பர்

போகிறார். வேலை பார்க்கும் மிளகுக் கம்பெனியில் சேட் இவரை மறுபடியும் தரம் பார்க்க விட்டிருக்கிறாராம். நான் இன்னும் நம்பத் தொடங்கவில்லை. கண் படும்.

22 அக்டோபர், செவ்வாய்

ஔசேப்பு மறுபடி குடித்துவிட்டார். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம். மூன்று நாளாய் வேலைக்கும் போகவில்லையாம். அம்மிணி வந்து சொன்னபோது இவரும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனுஷராலேயே முடியவில்லை என்றால் இவர் எம்மாத்திரம்? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்கப் பயமாக இருந்தது. தோப்பும்படியில் ஔசேப்பு வீட்டுக்கு என்று அவராகவே சொன்னார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்துவிட்டார். என்ன சொன்னேள் என்றேன்.

"ஒண்ணும் சொல்லலை. வாந்தியெடுத்தார். தலையைப் பிடிச்சுண்டேன்."

24 அக்டோபர், வியாழன்

ஔசேப்பு இல்லாததால் பாதிரியாரிடம் சாவி வாங்கி இவர்தான் அறையைத் திறந்தாராம். பெஞ்சைத் துடைத்துப் போட்டாராம். நாலு பேர் வந்தார்கள். எல்லாரும் உட்கார்ந்தபின் வாசலில் ஔசேப்பு வந்து நின்றாராம். தன் வழக்கமான இடத்துக்குப் போகவில்லை. புதிதாய் வருகிறவர்கள் ஒதுங்கி உட்காரும் கடைசி பெஞ்சில் போய், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாராம்.

"நீங்க என்ன பண்ணினேள்?"

"புதுசா வரவாகிட்ட அவர் கேக்கறாப்பல, நான் அவர் பேரைக் கேட்டேன்" என்றார். "சொன்னார்."